மட்டாஞ்சேரியில் ஒரு விளக்கு

யூத ஞானி ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அண்ணாமலையார் ஊரில் யூதருக்கு என்ன தொடர்பு?" என்று நண்பர்கள் கேட்டார்கள். தொடர்பு உண்டு. ஈராக்கில் பிறந்த யூதரான எஸ்.எஸ். கோஹென் 1936இல் ரமணரைத் தேடி இங்கே வந்தார். அவர் எழுதிய 'குரு ரமணா' உங்களில் பலர் வீட்டில் இருக்கும். நான் இன்று பேச வந்தது அவருக்கும் முந்நூறு ஆண்டு மூத்தவரைப் பற்றி. கொச்சியில் அடங்கிய நெகேமியா மோத்தா.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் வீடுகளுக்கு நடுவே சுண்ணாம்பு பூசிய சிறு மேடையாக நிற்கிறது அவர் கல்லறை. அவரை கபாலா அறிந்த ஞானி, இறையச்சம் உடையவர், ஆபிரகாமின் மகன் என்கிறது எபிரேயக் கல்வெட்டு. கபாலா என்பது யூதரின் மறைஞான மரபு. எல்லையற்ற இறைவன் பத்து ஒளிநிலைகளாக வெளிப்படுகிறான் என்பது அதன் அடிப்படை. சோதிப்பிழம்பைக் கண்டு வளர்ந்த நமக்கு இது உடனே புரிந்ததுபோல் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அவர்கள் அந்த ஒளிக்கு உருவம் சமைக்க மாட்டார்கள். மலையையும் அதன் வடிவமாக வணங்க மாட்டார்கள்.

நெகேமியா இயற்றிய எபிரேயப் பாடல்கள் கொச்சி யூதரின் வழிபாட்டில் கலந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவர்களது நூலிலும் ஏறின. அந்த வழிபாட்டு முறைக்கு 'ஷிங்ளி' என்று பெயர். ஷிங்ளி என்பது கொடுங்கல்லூர், நம் சங்கப் பாடல்கள் அறிந்த முசிறிக் கரை. கி.பி. 1000 அளவில் அங்கே சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் தந்த உரிமைகளில் குடை, நடைபாவாடை, தோரணம் ஆகியவற்றோடு பகல்விளக்கும் ஒன்று. பகலிலும் முன்னே விளக்குப் பிடித்துச் செல்லும் பெருமை! அந்தச் சொல்லுக்கு நமக்கு அகராதி வேண்டாம்.

நெகேமியா மறைந்தது 1615, கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள். அன்றுதான் ஹனுக்கா தொடங்குகிறது. முதல் இரவு ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என எட்டு இரவு ஏற்றும் விழா. பெரும்பாலும் நம் கார்த்திகை தீபத்தையொட்டி வரும். நாம் முழுநிலவில் மலையுச்சியில் ஏற்றுகிறோம். அவர்கள் நிலவு தேய்ந்து மறையும் நாட்களில் வீட்டு வாசலிலும் சன்னலிலும் ஏற்றுகிறார்கள்.

1950களில் கொச்சி யூதர் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றுவிட்டனர். ஆனாலும் கல்லறையில் விளக்கு அணையவில்லை. நேர்ந்துகொண்டு மெழுகுவத்தி ஏற்றுபவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் எல்லோரும் உண்டு. இவர்களுக்கு எபிரேயம் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல், மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிரிவலப் பாதைச் சமாதிகளில் நாமும் அதைத்தானே செய்கிறோம்?

அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் மனம் ஆறவில்லை. நெகேமியா பாட்டு எழுதியவர். வேண்டுதல் கேட்கும் பெரியவராக அவரை வைத்துக்கொண்டு, பாடலாசிரியரை மறந்துவிட்டோம். எபிரேயமும் தமிழும் கற்ற ஒருவர் அப்பாடல்களில் பத்தையாவது தமிழில் தர வேண்டும். இந்த மேடையை அமைத்த அறக்கட்டளை அதற்கு நல்கை தருமானால், அடுத்த கார்த்திகைக்கு முன் ஒரு சிறு நூலாக அது இதே மேடையில் வெளிவரட்டும்.