வாளியை எண்ணி மீனை எண்ணுவோம்



பொம்மசந்திராவின் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவோர் நம்மவரில் பலர். அத்தகைய இல்லத்தில் பெரிய மீன்தொட்டி வைக்க விரும்பினால், நாம் முதலில் எண்ண வேண்டியவை இரண்டு: இரைச்சல், நீர்.

காற்றுப் பம்பு அதிர்வதால் இரைகின்றது. நீரில் மூழ்கும் பம்பின் ஒலியையோ நீரே பெரிதும் அடக்கிவிடும். காற்றுப் பம்பே கொள்வதாயின், அதனைப் பஞ்சின்மீது, நீர்மட்டத்திற்கு மேலே வைத்தல் நலம். மின்சாரம் நின்றாலும் நீர் குழாய்வழியே பின்னோக்கி வழியாது.

நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 340 லிட்டர் கொள்ளும். வாரந்தோறும் கால் பங்கை மாற்ற 85 லிட்டர், அதாவது ஏறத்தாழ ஆறு வாளி நீர் வேண்டும். குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் பெங்களூர்க் குடிநீர் வாரியம் ஆணையிட்டதை நாம் மறத்தலாகாது.

மீன்கழிவில் தோன்றும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதனை அகற்றவே நீர் மாற்றுகிறோம். மீன்கள் குறைந்தால் கழிவு குறையும். சிறிய பம்பும் குறைந்த நீரும் போதும். எடுத்த நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். நைட்ரேட்டு அவற்றிற்கு உரம். புதுக் குழாய்நீரை ஒரு நாள் திறந்துவைத்தால் குளோரின் பெரிதும் நீங்கும்.

ஆகவே, வாளிகளை எண்ணிய பிறகே மீன்களை எண்ணுவோமாக.