சுரங்கம் மூடிய ஊரில் சிறு வணிகம்



வடார்க்காட்டினின்றும் வந்த நம் முன்னோர் சுரங்கத்தில் உழைத்த காலத்தில், நந்திதுர்க் கடைக்காரர் வாடிக்கையாளரைத் தேடியதில்லை. சங்கு ஊதியதும் ஷிப்டு முடித்தோர் தாமே வந்தனர். சம்பள நாளில் பற்றுத் தீர்ந்தது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் அந்தச் சம்பள நாள் போயிற்று.

இன்று நம் லைன்களில் வாழ்வோருள் பலர் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரு சென்று இரவில் திரும்புகின்றனர். காலை 9 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு அடைக்கும் கடையால் அவர்களுக்கு என்ன பயன்? வண்ணப் பலகையைவிட, விடியுமுன் கொதிக்கும் பாய்லரே நல்ல விளம்பரம்.

பெருநகரக் கடைகளோடு விலையில் நாம் போட்டியிட இயலாது. கால் கிலோ துவரம்பருப்பையும் ஒற்றைப் போல்ட்டையும் முகஞ்சுளியாமல் கொடுக்க இயலும். கடன் தரலாமா என்பீர்கள். தரலாம், வரம்பு வைத்து, இருவரும் காண எழுதித் தரலாம். திருப்பிக் கேட்க வெட்கப்படுவோர் மட்டும் தரவே வேண்டா!

ராபர்ட்சன்பேட்டையில் சரக்கெடுக்கும் நால்வர் ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகை நாலில் ஒரு பங்காகும். அதற்கென ஒரு தாள் சங்க மேசைமீது இருக்கிறது. விரும்புவோர் உணவுக்குமுன் பெயரெழுதுக.