களைத்த உடலும் காலை நடையும்



நான் உடற்கல்வி ஆசிரியர், வயது 56. இரண்டு ஆண்டுகளுக்கு முன் காய்ச்சல் விட்ட மறுநாளே, விட்டுப்போன நடைக்கு ஈடுகட்டுவோம் என்று நாமக்கல் கோட்டைப் படிகளில் வேகமாக ஏறினேன். பாதி ஏறுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலோடு வரும் பிள்ளையை விளையாட விடாமல் உட்கார வைக்கிறோம். நமக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

2021 முதல் நமது ஓய்வு வயது 60. ஐம்பதுக்குப் பிறகும் பத்தாண்டு நின்று கற்பிக்க வேண்டும். வயது ஏற ஏறத் தசை குறைகிறது. உழைத்த தசை தேறவும் கூடுதல் நாளாகிறது. ஆகவே களைப்பு வரும். ஆனால், எல்லாக் களைப்பும் ஒன்றல்ல.

நாளெல்லாம் நின்று பேசிய சோர்வு என்றால், பத்து நிமிடம் மெதுவாக நடந்து பாருங்கள். உடல் லேசானால் தொடருங்கள், பாரமானால் திரும்பிவிடுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ தந்த சோர்வு என்றால், அன்று ஓய்வுதான் பயிற்சி. தேறியபின் பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. அத்துடன் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இது வாரக் கணக்கு. ஒருநாள் விட்டால் குடி முழுகிவிடாது. மறுநாள் இரட்டிப்பாக்கவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதம்.

நம் பக்கத்துச் சித்திரை வெயிலில், பொழுது ஏறுமுன் நடையை முடித்துவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடக்க வேண்டாம்; சட்டைப் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ உடனே நின்று 108ஐ அழையுங்கள். களைப்பு இரண்டு வாரம் நீடித்தால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இப்போதும் கோட்டைக்கு ஏறுகிறேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஊரைப் பார்த்துவிட்டு ஏறுகிறேன். உச்சி எங்கும் போய்விடவில்லை.