பிக்கப் வண்டியை உயர்த்தலாமா?

தென்னேரி உழவர் பெருமக்களே! ஏரிக்கரைத் தடத்தில் நெல் மூட்டையோடு வரும் பிக்கப் வண்டி அடி தட்டுகிறது, பட்டறையில் கட்டை வைத்து உயர்த்தலாமா என்று கேட்கிறீர்கள். முதலில் வண்டிக்கடியில் குனிந்து தேய்ந்த இடத்தைப் பாருங்கள். பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் கூடு தேய்ந்திருந்தால் கட்டையால் பயனில்லை. கமான் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே எத்தனை கட்டை வைத்தாலும் உயர்வது உடல்தான். கூடு அச்சோடு கீழேயே நிற்கும். அதை உயர்த்துவது சக்கரமே. விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் உயரும். மாட்டுவண்டிக்குப் பெரிய சக்கரம் பூட்டிய நம் தச்சர்கள் இதை அறிந்தவர்கள்.

உடல் உயர்ந்தால் பாரமும் மேலேறும். கரைச் சரிவில் வண்டி எளிதில் கவிழும். பிரேக் குழாயும் இழுபடும். பதிவுச் சான்றின் விவரம் மாறும்படி வண்டியைத் திருத்த 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அதைவிட, தடத்தின் நடுமேட்டை மண்வெட்டியால் சீவி, சக்கரப் பள்ளத்தில் சரளை கொட்டுங்கள். டயர்க் காற்றும் குறையாமல் இருக்கட்டும்.