டிராயிங் மேஜையில் வாடிக்கையாளருக்கும் ஒரு நாற்காலி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் போன் செய்து, "புதிய பொருளாதாரம், புதிய வியாபார முறை, இதைப்பற்றிக் கொஞ்சம் பேசுங்க" என்றார். "சார், நான் பொருளாதாரம் படிச்சவன் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் டூலும் ஃபிக்சரும் செய்கிற மெக்கானிக்கல் ஆள்" என்றேன். "அதனாலதான் உங்களைக் கூப்பிடறேன்" என்றார். ஆகவே, பட்டறை ஜன்னல் வழியாகத் தெரிகிற பொருளாதாரத்தை மட்டும் சொல்கிறேன். கூடக் குறைய இருந்தால் பெரியவர்கள் திருத்த வேண்டும்.

நாம் எல்லோரும் படித்த பாடம் இதுதான். ஒரு பக்கம் உற்பத்தியாளர். இன்னொரு பக்கம் நுகர்வோர். நடுவில் சந்தை. இவர் செய்து வைப்பார், அவர் விலை கொடுத்து எடுத்துப் போவார். பொருளின் மதிப்பு முழுக்க முழுக்கத் தொழிற்சாலைக்குள்ளேயே உருவாகிவிடுகிறது. வாடிக்கையாளருக்கு மிஞ்சியது 'வேணும்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்வது மட்டும்தான். இந்தப் பாடம்தான் இப்போது ஆட்டம் காண்கிறது.

சேசிஸ் சொல்லும் செய்தி

ஆனால் ஒன்று. மேல்நாட்டார் இதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே நம் ஊரில் இது நடந்துகொண்டிருந்தது. எண்ணூரிலிருந்து கிளம்பும் லாரி சேசிஸை மூத்தவர்கள் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். கதவு இல்லை, கூரை இல்லை, டிரைவர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டிப் போவார். எங்கே? லாரி என்றால் நாமக்கல், பஸ் என்றால் கரூர். அங்கே பாடி கட்டும் ஷெட்டில் உரிமையாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். முட்டை ஏற்றுகிறவருக்கு ஒரு மாதிரி, சிமென்ட் ஏற்றுகிறவருக்கு ஒரு மாதிரி. தார்ப்பாய்க் கயிறு கட்டும் கொக்கி எத்தனை, டூல் பாக்ஸ் எந்தப் பக்கம், தண்ணீர் கேன் எங்கே, டிரைவர் கால் நீட்டிப் படுக்க இடம் எவ்வளவு, எல்லாம் அங்கேதான் முடிவாகும். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிக்காரர்களைக் கேட்டால் இதற்கு மேலேயும் கதை சொல்வார்கள்.

அதாவது, பாதி லாரியைத் தொழிற்சாலை செய்தது. மீதி லாரியை வாடிக்கையாளரும் பாடி பில்டரும் சேர்ந்து செய்தார்கள். 'கோ-கிரியேஷன்', கூட்டுப் படைப்பு என்று இன்று சொல்லப்படுவது இதுதான்.

இது ஏன் தேவைப்படுகிறது? பொருளாதார அறிஞர் ஹாயெக் 1945-ல் ஒரு கட்டுரை எழுதினார். சமுதாயத்தின் அறிவு எந்த ஒரு தலைமை அலுவலகத்திலும் திரண்டு கிடப்பதில்லை. அந்தந்த இடத்தில், அந்தந்த ஆளிடம் துண்டு துண்டாக இருக்கிறது. விலை என்ற சமிக்ஞை அதை ஒருங்கிணைக்கிறது என்றார். பெரிய உண்மை. ஆனால் பட்டறைக்காரனுக்கு ஒரு சந்தேகம் வரும். கொக்கி தவறான இடத்தில் இருப்பதால் மழைநாளில் டிரைவர் படும் பாடு விலையில் தெரியுமா? வண்டி விற்கவில்லை என்பது தெரியும். ஏன் விற்கவில்லை என்பது தெரியாது.

இந்த இடத்தில்தான் எம்.ஐ.டி. பேராசிரியர் எரிக் வான் ஹிப்பல் வருகிறார். அறிவியல் ஆய்வுக் கருவிகளில் வந்த முக்கியமான முன்னேற்றங்களை ஆராய்ந்து 1976-ல் அவர் வெளியிட்ட முடிவு: அவற்றில் சுமார் 80 சதவிகிதத்தை முதலில் கண்டுபிடித்து, மாதிரி செய்து, சோதித்துப் பார்த்தவர்கள் கருவியை விற்ற கம்பெனிக்காரர்கள் அல்ல, அதைப் பயன்படுத்திய விஞ்ஞானிகளே! உபயோகிப்பவரிடம் உள்ள அறிவு அவரோடு பசை போல ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பெயர்த்து இன்னொருவருக்கு அனுப்புவது செலவு பிடிக்கும் வேலை என்று அவர் பின்னாளில் விளக்கினார். அறிவை அனுப்ப முடியாவிட்டால் ஆளையே அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டியதுதான்!

நம்மவர் ஒருவர்

இந்தச் சிந்தனையை வியாபார உலகத்தின் நடுக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் நம்மவர். சி.கே. பிரகலாத் 1941-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தார். சென்னையில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பேட்டரி தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகுதான் அகமதாபாத், ஹார்வர்ட், மிச்சிகன் எல்லாம். வெங்கட் ராமசாமியுடன் சேர்ந்து 2004-ல் அவர் எழுதிய 'தி ஃபியூச்சர் ஆஃப் காம்பெடிஷன்' என்ற நூல், மதிப்பு என்பது தொழிற்சாலைக்குள் முடிந்துவிடுவதில்லை, வாடிக்கையாளரும் நிறுவனமும் சேர்ந்து உருவாக்குவது என்று வாதாடியது. 2010-ல் அவர் மறைந்தார்.

அந்த நூல் நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது. பட்டறை பாஷையில் சொல்கிறேன். ஒன்று, இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு, தேவையான தகவலும் கருவியும் வாடிக்கையாளர் கைக்கு எட்ட வேண்டும். மூன்று, இதில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும். நான்கு, கணக்கு வழக்கு திறந்த புத்தகமாக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், 'உங்கள் கருத்தை எழுதிப் போடுங்கள்' என்று கடை வாசலில் தொங்கும் பெட்டிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது புதிதாக இருக்காது. 1991-ல் தொடங்கிய லினக்ஸும், 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவும் உபயோகிப்பவர்களே எழுதி வளர்த்தவை. ஆனால் இரும்பில் ஒரு தவறு செய்தால் ஒரு பொத்தானைத் தட்டி அழிக்க முடியாது. அதனால்தான் எங்கள் பக்கத்து உதாரணங்களுக்கு வருகிறேன்.

ஆவடி தரும் பாடம்

நம் கல்லூரி பஸ்ஸில் ஆவடியைத் தாண்டும்போதெல்லாம் நாம் பார்த்த மதில் சுவருக்குப் பின்னால் இருக்கிறது இந்த வரலாறு. அர்ஜுன் டாங்க் திட்டத்துக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது. வடிவமைத்தது ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சி நிலையம். செய்தது பக்கத்திலேயே உள்ள கனரக வாகனத் தொழிற்சாலை. வாடிக்கையாளர் ஒருவரே, இந்திய ராணுவம். முதல் டாங்குகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004-ல். முப்பது ஆண்டுகள்! காரணங்கள் பல, எஞ்சின் முதல் இறக்குமதிப் பாகங்கள் வரை எத்தனையோ சிக்கல். அவற்றில் ஒன்று, உபயோகிப்பவரின் தேவைகள் நடுவழியில் மாறிக்கொண்டே போனது. 105 மி.மீ. பீரங்கி என்று தொடங்கியது 120 மி.மீ. ஆயிற்று. வரைபடம் ஒரு ஊரில், போர்க்களம் வேறு ஊரில். இரண்டுக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து.

அதன் அடுத்த வடிவம் மார்க்-1ஏ. பழையதைவிட 72 புதிய அம்சங்கள் கொண்டது. உபயோகித்த அனுபவம் கேட்ட மாற்றங்கள் இதில் இடம்பெற்றன. 2021 பிப்ரவரியில் சென்னையில் பிரதமர் இதை ராணுவத்திடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்குகளுக்கு, 7,523 கோடி ரூபாய்க்கு, ஆவடிக்கு ஆர்டர் வந்தது.

கைதட்டுவதற்கு முன் இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் அர்ஜுனின் எடை 58.5 டன். மார்க்-1ஏ சுமார் 68 டன். வசதி ஏற ஏற எடையும் ஏறியது. பாலங்களையும் ரயில் வேகன்களையும் பற்றிய கேள்வியும் கூடவே வந்தது. வாடிக்கையாளரைக் கூட உட்கார வைப்பது என்றால் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது அல்ல. "சார், இதைச் சேர்க்கலாம், இத்தனை கிலோ ஏறும், இத்தனை ரூபாய் ஏறும். சம்மதமா?" என்று அந்த மேஜையிலேயே கேட்பவன்தான் இன்ஜினியர்.

கேட்டால் மட்டும் போதுமா?

கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் அவர்களைத் தெரியாதவர் இருக்க முடியாது. குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கியவர். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆரம்பத்தில் அவர் தன் வீட்டுப் பெண்களிடம்தான் கருத்துக் கேட்டார். கூச்சத்தில் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. அதனால் தானே அணிந்து பார்த்துச் சோதித்தார். ஊரும் உறவும் ஒதுக்கியது. எந்திரம் ஜெயித்த பிறகு அதைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். அந்தப் பெண்கள் அவரவர் ஊரில் அவரவர் பெயர் வைத்துச் செய்து விற்றார்கள். உபயோகிப்பவரே உற்பத்தியாளர் ஆகிவிட்டால் கூச்சம் தானே விலகும்! சிலரிடம் கேள்வித்தாள் நீட்டினால் பதில் வராது. வேலையைக் கையில் கொடுத்தால் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாங்குகிறவர் வேறு, உபயோகிப்பவர் வேறு. நாமக்கல் ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் பெரும்பாலும் முதலாளி. வெயிலில் வெந்தவர் டிரைவர். லாரி கேபினில் ஏ.சி. வேண்டும் என்ற பேச்சு நம் சந்தையில் பெரிதாக எடுபடவில்லை. கடைசியில் மத்திய அரசு 2023 டிசம்பரில் விதி செய்தது: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம். டிரைவருக்கு அந்த மேஜையில் நாற்காலி இல்லாததால் சட்டம் அவருக்காகப் பேச வேண்டி வந்தது. நீங்கள் எதை வடிவமைத்தாலும் முதலில் கேளுங்கள்: காசு கொடுப்பவர் யார், கஷ்டப்படுபவர் யார்?

அம்பத்தூரின் கேள்வி

பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது; இந்தியாவிலேயே அதுதான் முதல். தொழிலாளியின் மூளைக்கும் மதிப்பு கொடு, உனக்கு அடுத்த மெஷினில் நிற்பவர்தான் உன் வாடிக்கையாளர் என்ற தரச் சிந்தனை அந்தக் காலத்தில் நம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குள் பரவியது. அது மதிலுக்கு உள்ளே நடந்த புரட்சி. இப்போது கேட்டைத் தாண்ட வேண்டிய நேரம்.

எஸ்டேட்டில் எங்களைப் போன்ற சிறு யூனிட்டுகளின் பிழைப்பு என்ன? பெரிய கம்பெனி டிராயிங் அனுப்பும், நாங்கள் செய்து கொடுப்போம். ஜாப் ஒர்க். ரேட்டில் பத்து பைசா குறைத்தவனுக்கு ஆர்டர். இப்படியே போனால் கடைசியில் குறைக்க ஒன்றும் இருக்காது. டன்லப் ஆலை போய்விட்டது, பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் அந்தப் பெயர் நிற்கிறது. பெரியவர்கள் கதியே அப்படி என்றால் சின்னவர்கள் எம்மாத்திரம்? டிராயிங் போடும்போதே கூட உட்காரும் யூனிட்டுதான் நிலைக்கும்.

ஆனால் அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்கு, பெயர் வேண்டாம், ஒரு பிராக்கெட் செய்தோம். இரண்டு துண்டை வெல்டிங் செய்வதற்குப் பதிலாக ஒரே தகட்டை மடித்துச் செய்யலாம் என்று எங்கள் ஃபோர்மேன் சொன்னார். மாதிரி செய்து காட்டினோம். "பிரமாதம்" என்றார்கள். டிராயிங்கை மாற்றினார்கள். மாற்றிய டிராயிங்கை மூன்று பேருக்கு அனுப்பி, குறைந்த ரேட் கொடுத்தவரிடம் ஆர்டரைக் கொடுத்துவிட்டார்கள். யோசனை எங்களுடையது, லாபம் அவர்களுடையது. ஃபோர்மேன் அதற்குப் பிறகு ரொம்ப நாள் வாயே திறக்கவில்லை.

இதுதான் இந்தப் புதிய சிந்தனையின் நிஜமான சோதனை. சிறு தொழில்களுக்குப் பணம் 45 நாளுக்குள் வர வேண்டும் என்று 2006-ம் ஆண்டு சட்டம் சொல்கிறது. வாய்வார்த்தையாகக் கொடுத்த யோசனைக்கோ நாமே எழுதி வைத்தால்தான் பாதுகாப்பு. இப்போது நாங்கள் மாதிரி காட்டும் முன் ஒரு பக்கக் காகிதத்தில் கையெழுத்து கேட்கிறோம்: யோசனை யாருடையது, மிச்சமாகும் தொகையில் முதல் வருடம் யாருக்கு எவ்வளவு. சிலர் முகம் சுளிக்கிறார்கள். போடுகிறவர்களோடு உறவு நீடிக்கிறது. பங்கு இல்லாத கூட்டுப் படைப்பு நாளடைவில் ஊமைப் படைப்பாகிவிடும்.

ஒரு வேண்டுகோள்

மாணவ நண்பர்களே, கடைசி வருடப் ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தக் காசுக்கு பஸ் பாஸ் எடுங்கள். எஸ்டேட் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு மெஷின் பக்கத்தில் பத்து நாள் நில்லுங்கள். ஆபரேட்டர் அண்ணன் எந்த இடத்தில் கையை உதறுகிறார், எந்த இடத்தில் முனகுகிறார் என்று பாருங்கள். உங்கள் ப்ராஜெக்ட் அங்கே இருக்கிறது.

முன்னாள் மாணவர்களுக்கும் சொல்கிறேன். நம்மில் எத்தனையோ பேர் இந்தப் பக்கத்திலேயே யூனிட் நடத்துகிறோம். சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். ஆளுக்கொரு தீராத பிரச்சினையை அதில் எழுதுவோம். தம்பி தங்கைகள் வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரே நிபந்தனை: முடிவாகும் டிராயிங்கில் மாணவர் பெயரும், அந்த ஆபரேட்டர் பெயரும் இருக்க வேண்டும். லாபம் வந்தால் பங்கும் வேண்டும்.

முதல் பக்கத்துக்கு எங்கள் யூனிட்டின் பிரச்சினை ஒன்றை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கிறேன். அடுத்த பக்கம் யாருடையது என்று நீங்கள் சொல்லுங்கள்.