வற்றல் குழம்பும் அதன் அளவும்



பிற மாநிலங்களில் குடியேறும் தமிழ்க் குடும்பத்தினர் ஊரிலிருந்து பாத்திரங்களைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். புளியையும் பெருங்காயத்தையுங்கூடக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கொண்டுவர இயலாதது அளவு ஒன்றுதான். "எலுமிச்சங்காய் அளவு புளி", "ஒரு கை உப்பு" என்று சொல்லிக்கொடுத்த அந்தக் கை ஊரிலேயே தங்கிவிடுகிறது. இக்குறையை நன்குணர்ந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். உறவுப் பெண்கள் செய்முறை கேட்டு ஓயாமல் கடிதம் எழுதியதன் விளைவாக 1951ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'சமைத்துப் பார்', புதுக்குடித்தனம் போகும் பெண்களின் பெட்டியில் இடம்பெற்றது. ஆயினும் வீட்டுக்கு வீடு தனி வழக்கம் உண்டல்லவா? அது எந்த நூலிலும் அகப்படாது.

என் அன்னையார் கும்பகோணத்தில் பிறந்தவர். சில ஆண்டுகளாகத் தில்லியில் எங்களுடன் வசிக்கிறார். மணத்தக்காளி வற்றல் குழம்பு அவர் கைக்கே உரியது. முழங்கால் வலியால் அவர் அடுப்பருகே நிற்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. என் மகளோ கல்லூரிப் படிப்புக்காக ஹைதராபாத் புறப்படும் தறுவாயில் இருந்தாள். எழுதி வைத்தாலன்றி இச்செய்முறை அன்னையாரோடு நின்றுவிடும் என்று தோன்றியது. ஆகவே சிறிய தராசு ஒன்றை வாங்கி, அவர் எடுத்த பொருள் ஒவ்வொன்றையும் வாணலியில் விழுமுன் தட்டில் ஏந்தி எடை பார்த்தேன். முதல் ஞாயிறன்று புளி 24 கிராம். அடுத்த ஞாயிறன்று 36. காரணம் கேட்டேன். "அன்றைக்குப் புதுப்புளி, கொஞ்சம் போதும். இது கறுத்துப்போன பழம்புளி. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதைத் தராசில் வைத்தால் என்ன தெரியும்?" என்றார்.

இருப்பினும் எழுதினேன். நால்வருக்கு நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அதில் இரண்டு கரண்டி வற்றலைக் கருகாமல் பொரித்துத் தனியே எடுத்துவைக்க வேண்டும். அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு தேக்கரண்டி குழம்புப்பொடியை இட்டு, மணம் எழுந்தவுடனே புளிக்கரைசலை விட்டுவிட வேண்டும். ஒரு கணம் தாமதித்தாலும் பொடி கசக்கும். வற்றலில் உப்பு இருப்பதால் குழம்புக்கு உப்புக் குறைவாகவே போதும். இறுதியில் சிறிது அரிசிமாவைக் கரைத்து விட்டு, வற்றலைச் சேர்த்து இறக்கலாம்.

இறக்கும் பதம் எது? "எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும்" என்பார் அன்னையார். இதைப் பஞ்சாபி அண்டை வீட்டு அம்மையாருக்கு ஹிந்தியில் எவ்வாறு சொல்வதென்று நான் தயங்கியபோது, அவரே எட்டிப் பார்த்து, "தேல் சோட் தியா" என்றார். மசாலா எண்ணெயை விட்டுவிட்டது என்று பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு சொல்லும் குறையாமல் பொருந்திய இத்தகைய தொடர் அலுவலகத்தில் அரிதாகவே கிடைத்திருக்கிறது.

தில்லித் தண்ணீரில் பருப்பு வேகாது, குளிர்காலத்தில் மாவு புளிக்காது என்று குறை சொல்லும் அன்னையார், இங்குள்ள மே மாத வெயிலை மட்டும் மெச்சுவார். ஊரிலிருந்து தருவித்த விதையில் கொல்லைப்புறத்தில் மணத்தக்காளி முளைத்தது. இவ்வூர் மக்கள் அச்செடியை 'மகோய்' என்று அறிவார்கள், மருந்தாக வழங்குவார்கள், குழம்பில் இடுவதில்லை. காய்களை உப்பிட்ட மோரில் ஊறவைத்து உலர்த்தினோம். காற்றில் ஈரமின்மையால் கும்பகோணத்தைவிட விரைவிலேயே அவை கலகலவென்று காய்ந்துவிட்டன. ஒரு புட்டி ஹைதராபாத்துக்குச் சென்றது.

மகள் தன் குறிப்பேட்டில் புளிக்கு நேரே எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு, "முதலில் நாக்கில் வைத்துப் பார்" என்று எழுதிக்கொண்டிருக்கிறாள். அன்னையார் இப்பொழுது சமையலறைக்குள் வருவதில்லை. கூடத்து நாற்காலியில் அமர்ந்தவாறே, "பச்சை வாசனை இன்னும் போகவில்லையே, ஏன் இறக்குகிறாய்?" என்று குரல் கொடுக்கிறார்.