மாறும் பொறியும் மாறாக் கல்வியும்

கைப்பேசிச் செயலி இயற்றுவோர், ஒருமுறை எழுதியதோடு ஓய்ந்திருத்தல் இயலாது.

2013-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் 64 பிட் செயலி கொண்ட ஐபோன் 5எஸ் கருவியை வெளியிட்டது. பழைய 32 பிட் செயலிகளும் அதில் இயங்கின. ஆதலின், 'அவசரம் என்ன?' என்று சிலர் வாளாவிருந்தனர். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்தது. திருத்தப்படாத செயலிகள் அதில் திறக்கவேயில்லை. நான்காண்டு அவகாசம் வீணாயிற்று. அவற்றை நம்பிய பயனாளரும் இழப்புற்றனர்.

திருத்த முனைந்தோருள்ளும் சிலர் இடர்ப்பட்டனர். நினைவக முகவரியின் நீளம் 4 பைட்டிலிருந்து 8 பைட்டாக வளர்ந்தமையால், அதனைச் சிறிய எண்ணில் அடக்கிய நிரல்கள் பிழைபட்டன. நினைவகத்தின் இயல்பை உணர்ந்து எழுதியோர்க்கோ வேலை எளிதாயிற்று.

எனவே, புதுமையை வந்த அன்றே சோதியுங்கள். அடிப்படையை ஆழக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி மாறும், கற்ற அடிப்படை கைவிடாது.